வாடகைக்கு விட மாருதி டூர் எஸ்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு மதிப்புரை

இயற்கை எரிவாயுவில் (சி.என்.ஜி.) ஓடும் மாருதி டூர் எஸ் காரை 2023-இல் வாங்கினேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, லைசென்ஸும் கிடையாது. டிரைவரிடம் வாடகைக்கு விட்டு, அறுபது வயதுக்குப் பிறகு மாதாமாதம் ஒரு தொகை கைக்கு வர வேண்டும் என்பதற்காக வாங்கியது. அதற்கு முன்பே, 2016 முதல், ஒரு டொயோட்டா எட்டியோஸ் டீசல் வண்டியையும் இப்படித்தான் விட்டிருக்கிறேன். இரண்டு வண்டிகளின் கணக்கு நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். டூர் எஸ் அருமையான வண்டி. ஆனால், ‘ஒரு டாக்ஸி வாங்கிப் போடு, மாதம் பதினான்காயிரம் நிற்கும்’ என்று ஊரில் சொல்கிறார்களே, அந்தப் பதினான்காயிரத்தில் பெரும்பகுதி நீங்கள் போட்ட முதலே திரும்பி வருவதுதான். இதைத் தெரிந்துகொண்டு வாங்குகிறவர்களுக்கு இந்த வண்டியைத் தயங்காமல் சொல்வேன். தெரியாமல் வாங்கப் போகிறவர்களை நிறுத்தி உட்காரவைத்துப் பேசிவிட்டுத்தான் அனுப்புவேன்.

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் இருக்கிறது. கேரள மண், வீட்டில் பேசுவது தமிழ். சந்தைக்குப் பொள்ளாச்சி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கோயம்புத்தூர், அரசு அலுவலகத்துக்குச் சித்தூர் அல்லது பாலக்காடு என்று எங்கள் ஜனங்கள் எல்லையைத் தாண்டியபடியே இருப்பார்கள். பழனிக்கும் குருவாயூருக்கும் போகாத வீடு இல்லை. டாக்ஸிக்கு இங்கே வேலை இருப்பது அதனால்தான். நான் அஞ்சலக சேமிப்பு முகவர். வீடு வீடாகப் போய், மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பான ஆர்.டி.க்குப் பணம் வாங்கிக் கட்டுகிறவள். ஐந்து வருட ஆர்.டி. முதிர்ந்து பணம் கைக்கு வந்ததும் பலர் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: “அக்கா, இதை வைத்து ஒரு டாக்ஸி எடுத்து விட்டால் என்ன?” அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லும் பதிலாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் வண்டி. எட்டியோஸ் ஒரு காலத்தில் டாக்ஸிக்காரர்களின் செல்லப்பிள்ளை. 2020-இல் அதன் விற்பனை நின்றுவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்ததோடு மாருதியும் டீசல் கார்களைக் கைவிட்டது. நான்கு பயணிகளை ஏற்றும் சிறிய செடான் டாக்ஸி என்றால் அதன் பிறகு சி.என்.ஜி. பக்கம்தான் பார்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது. டூர் எஸ் என்பது டிசையரின் டாக்ஸி வடிவம், 1197 சி.சி. எஞ்சின். 2023 பிப்ரவரியில் இந்தப் புதிய வடிவம் வந்தபோது ஷோரூம் விலை பெட்ரோலுக்கு 6.51 லட்சம், சி.என்.ஜி.க்கு 7.36 லட்சம் என்று தொடங்கியது. வரி, இன்சூரன்ஸ், பர்மிட், கருவிகள் எல்லாம் சேர்ந்து சவாரிக்குத் தயாராக வந்து நிற்கும்போது எனக்கு 8.60 லட்சம் ஆகியிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுள்ள சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இப்போது வாங்குகிறவர்கள் போட வேண்டிய முதல் குறைவு, நல்ல செய்தி. என்னைப் போல முன்பே வாங்கியவர்களின் பழைய வண்டி விலையும் அதோடு ஒரு படி இறங்கிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு கிலோ சி.என்.ஜி.க்கு 32.12 கிலோமீட்டர் என்றது, நான் வாங்கியபோது நிறுவனத்தின் விளம்பரம். ஏ.சி. போட்டு, நான்கு பேரும் சாமானுமாக எங்கள் சாலைகளில் ஓடும்போது 24, 25 கிடைக்கிறது. வாளையார் நால்வழிச் சாலையில் நிதானமாகப் போனால் 27-ஐத் தொடும். எரிபொருள் டிரைவரின் செலவு; உரிமையாளருக்கு அதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். எனக்கு அதில்தான் முழு அக்கறையும். டிரைவரின் கையில் நாள் முடிவில் என்ன மிஞ்சுகிறதோ, அதுதான் என் வாடகைக்கு உத்தரவாதம். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும்போது பெட்ரோல் வண்டியைக் கொடுத்து அதே வாடகையைக் கேட்டால், மூன்றாவது மாதம் வாடகை பாக்கி விழும், ஆறாவது மாதம் சாவி திரும்பி வரும். ஷோரூமில் 85,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து சி.என்.ஜி. வாங்கியதற்கு ஒரே காரணம் இது. கொச்சியிலிருந்து வரும் எரிவாயுக் குழாய் கூற்றநாடு வழியாக வாளையாருக்கு வருவதால் பாலக்காடு, கோவை இரண்டு பக்கமும் பங்க்குகள் வந்துவிட்டன. காலையில் வரிசை நீளம். எங்கள் டிரைவர் இரவு சவாரி முடித்து வரும்போதே நிரப்பிவிடுகிறார்.

குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் டிக்கியைத்தான் சொல்வேன். திறந்து பார்த்தால் பின் சீட்டின் முதுகை ஒட்டிக் குறுக்கே படுத்திருக்கிறது சிலிண்டர். அதற்கு முன்னால் மிஞ்சுவது ஒரு நடுத்தரப் பெட்டியும் நாலு கைப்பைகளும் வைக்கும் இடம்தான். கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களுக்கு அது போதும். விமான நிலையச் சவாரிக்குப் போதாது. பாலக்காட்டுக்காரர்களுக்கு அருகில் உள்ள விமான நிலையம் கோயம்புத்தூர். அங்கே ஷார்ஜா விமானத்தில் இறங்கும் குடும்பம் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளோடு வரும். பெட்டியின் நாலு பக்கமும் பெயரும் ஊரும் மார்க்கரில் பெரிதாக எழுதியிருக்கும். அவற்றில் ஒன்றுகூட இந்த டிக்கியில் நுழையாது. மேலே கேரியர் போட்டு, தார்ப்பாய் சுற்றிக் கட்ட வேண்டியிருக்கிறது. “ஏர்போர்ட் சவாரி என்றால் எத்தனை பெட்டி என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறேன் என்று சொல்கிறேன், அக்கா” என்கிறார் டிரைவர். உங்கள் ஸ்டாண்டில் விமான நிலையச் சவாரி அதிகம் என்றால் எர்ட்டிகா போன்ற பெரிய வண்டியைப் பாருங்கள். முதல் கூடும், அதை வாங்கும் முன் வாடகையும் அதற்கேற்பக் கூடுமா என்று டிரைவரிடமே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பின் சீட்டுக்குத் தனி ஏ.சி. துவாரம் கிடையாது. பாலக்காட்டு வெயிலில், மார்ச், ஏப்ரல் மாதங்களில், பின்னால் உட்கார்ந்து வருகிற முதியவர்கள் வதங்கிப்போகிறார்கள். டாக்ஸி என்றே வடிவமைத்த வண்டியில் பயணி உட்காரும் இடத்தை இப்படி விட்டது எனக்குப் பிடிக்கவில்லை. பாதுகாப்பில் குறை வைக்கவில்லை: முன்னால் இரண்டு காற்றுப்பை, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்., வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஈ.எஸ்.பி. எல்லாம் இருக்கின்றன. வாடகை வாகனங்களுக்கான விதிப்படி மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாடு உண்டு. அவசரப்படும் பயணிகள் முணுமுணுப்பார்கள். வண்டியும் டிரைவரும் இரவு முழுசாக வீடு திரும்ப வேண்டும் என்று காத்திருக்கிற எனக்கு அது பெரிய ஆறுதல்.

சர்வீஸ் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை. பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலும் ஒர்க்ஷாப் இருக்கிறது. உதிரிபாகம் சின்ன ஊரில்கூடக் கிடைக்கிறது. எட்டியோஸுக்கு ஒரு பாகம் வேண்டுமானால் இப்போதெல்லாம் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். வாடகை வண்டி ஒர்க்ஷாப்பில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை போகிறது என்பதால் இந்த வித்தியாசம் பணமாகவே தெரியும். சி.என்.ஜி. சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்து சான்றிதழ் வாங்க வேண்டும். எஃப்.சி. எனும் தகுதிச் சான்றின் தேதியை நினைவு வைத்திருக்கிறவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள். புதிய வாடகை வண்டிக்கு எஃப்.சி. முதலில் இரண்டு வருடம். எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும். இரண்டு தேதிகளையும் ஒரே காலண்டரில் குறித்து வையுங்கள்.

பர்மிட்டைப் பற்றி எல்லையில் இருக்கிற நாங்கள் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டியிருக்கிறது. பறம்பிக்குளம் எங்கள் மாவட்டத்தில், எங்கள் தாலுகாவிலேயே இருக்கிற புலிகள் காப்பகம். ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக வேண்டும். அதாவது கேரள வண்டி, கேரளத்துப் பயணியை, கேரளத்திலேயே இருக்கிற ஓர் இடத்துக்குக் கூட்டிப்போகவும் தமிழ்நாட்டுச் சாலையில் ஓடும் உரிமை வேண்டும். கோவை ஆஸ்பத்திரி சவாரிக்கும் அப்படித்தான். முன்பெல்லாம் ஒவ்வொரு முறையும் அடுத்த மாநில வரியைக் கட்டித் தற்காலிக பர்மிட் எடுத்தாக வேண்டும். நள்ளிரவில் நெஞ்சுவலி என்று ஒருவரை ஏற்றிக்கொண்டு போகிற டிரைவரின் பாட்டைச் சொல்லி முடியாது. 2021 ஏப்ரல் முதல் அகில இந்திய சுற்றுலா பர்மிட்டை இணையத்தில் விண்ணப்பித்து வாங்கும் முறை வந்தது. 2023-இல் அதற்குப் புதிய விதிகள் வந்தன. ஒரே கட்டணம், எல்லா மாநிலமும். கேரளத்துக்குள் மட்டும் ஓடும் பர்மிட் மலிவாகக் கிடைக்கிறதே என்று எங்கள் ஊரில் யாரும் நினைக்கக் கூடாது. எல்லையைத் தாண்ட முடியாத வண்டிக்குக் கொழிஞ்சாம்பாறையில் பாதி சவாரி கிடையாது.

அதோடு, வாடகை வண்டிகளில் அவசர பொத்தானோடு கூடிய இடங்காட்டும் கருவி கட்டாயம். டிரைவரை வேவு பார்ப்பதற்காக அதை நான் திறப்பதில்லை. வண்டி எங்கே நிற்கிறது என்று அவர் வீட்டுக்காரம்மா கவலைப்பட்டுக் கேட்டால் பார்த்துச் சொல்கிறேன். கேரளத்தில் மோட்டார் தொழிலாளர் நல நிதிக்கும் பணம் கட்ட வேண்டும். அதைச் செலவு என்று சலித்துக்கொள்ளும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். ஓடி ஓடி இடுப்பு தேய்ந்த டிரைவருக்கு முதுமையில் கிடைக்கும் சின்ன ஆதரவு அது. நம் முதுமைக்கு அவரை ஓடவைத்துப் பணம் சேர்க்கிறோம். அவர் முதுமைக்கு இதையாவது ஒழுங்காகக் கட்ட வேண்டும்.

இன்சூரன்ஸில்தான் சொந்த வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் அறையும். 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம், அதாவது நம் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான காப்புக் கட்டணம், ஆண்டுக்கு 3,416 ரூபாய். அதே எஞ்சின் டாக்ஸியில் இருந்தால் 7,940 ரூபாயும், பயணி ஒருவருக்கு 978 வீதமும். நான்கு பயணிக்குக் கணக்குப் போட்டால் 11,852. வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியமும் வரியும் இதற்கு மேல். இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு, சொந்த உபயோகம் என்று வெள்ளை போர்டில் வாங்கி வாடகைக்கு விடலாமே என்று யோசனை சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. தயவுசெய்து காது கொடுக்காதீர்கள். பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் முதல் முறைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைவிடப் பெரியது விபத்து. வாடகைக்கு ஓடிய சொந்த வண்டி என்று தெரிந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்கும். காயம்பட்ட குடும்பத்துக்கு நீங்கள் வீட்டை விற்றுக் கொடுக்க வேண்டி வரும்.

உரிமையாளர்கள் பலர் கவனிக்காத ஒன்று: பாலிசியில் வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, வண்டியை ஓட்டுகிற உரிமையாளருக்கானது. நான் ஓட்டுவதில்லை. ஓட்டுகிறவர் டிரைவர். அவருக்கு அடிபட்டால் அந்தக் காப்பில் ஒரு ரூபாய் வராது. சம்பள டிரைவருக்கான பொறுப்புக் காப்பையும், அவருக்கென்று தனியாக விபத்துக் காப்பையும் கேட்டு எழுதி வாங்க வேண்டும். முதலாவதற்கு ஆகும் பிரீமியம் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான். கேட்காவிட்டால் முகவர்கள் சேர்ப்பதில்லை.

இனி, எல்லோரும் காத்திருக்கும் கணக்கு.

தினவாடகை 900 ரூபாய், மாதம் 26 நாளுக்கு. மற்ற நாட்கள் சர்வீஸுக்கும் டிரைவரின் ஓய்வுக்கும். அவற்றுக்கு வாடகை இல்லை. வருவது 23,400. இன்சூரன்ஸ், பர்மிட், வரி, நல நிதி, சர்வீஸ், டயர், பிரேக் என்று ஆண்டு முழுவதும் என் கையிலிருந்து போவதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ஏறத்தாழ 9,400. நிற்பது 14,000. ஊரில் சொல்லும் பதினான்காயிரம் இதுதான், பொய் இல்லை.

ஆனால் வண்டி தேய்கிறது. ஐந்து வருடம் சவாரி ஓடிய மஞ்சள் போர்டு டூர் எஸ் மூன்று லட்சத்துக்குப் போனால் நல்ல விலை. 8.60 லட்சம் மூன்று லட்சமாகிறது. இடையில் கரைந்த 5.60 லட்சத்தை அறுபது மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 9,333. பதினான்காயிரத்தில் அதைக் கழித்தால் உண்மையான வருமானம் 4,667 ரூபாய். அதே 8.60 லட்சத்தை நான் வண்டி வாங்கிய ஆண்டில் அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போட்டிருந்தால் 7.4 சதவீத வட்டியில் மாதம் 5,303 ரூபாய் வந்திருக்கும். ஐந்து வருடம் கழித்து முதலும் அப்படியே கைக்கு வரும். எங்கள் சித்தூர்ப் பக்கம் தோப்புக்காரர்களுக்கு இது புதிதல்ல. கள்ளுக்கு விட்ட தென்னையில் தினமும் காசு வரும், ஆனால் அந்தக் காலத்தில் தேங்காய் வராது. தேங்காய்தான் கள்ளாக இறங்குகிறது. பதினான்காயிரத்தையும் வருமானம் என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டால் ஐந்தாவது வருடக் கடைசியில் பழைய வண்டி ஒன்றுதான் மிஞ்சும், அடுத்த வண்டிக்குப் பணம் இருக்காது. அதனால் மாதம் ஒன்பதாயிரத்தைத் தனியாக ஆர்.டி.யில் கட்டிவிடுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்கிறேன். கமிஷனுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் வேறு எங்கே வேண்டுமானாலும் கட்டுங்கள். கட்டாமல் மட்டும் இருக்காதீர்கள்.

கடன் வாங்கினால் கணக்கின் முகம் மாறும். நான் மூன்று லட்சம் கையிலிருந்து போட்டேன், 5.60 லட்சம் வங்கிக் கடன், பத்து சதவீத வட்டி, ஐந்து வருடம். தவணை 11,898. மாதம் கையில் நிற்பது 2,100. கடன் முடியும் வரை இதை வருமானம் என்று சொல்லவே முடியாது. ஒரு டயர் வெடித்தால் அந்த மாதம் கைக்காசு போகும். அடுத்த மாதமே வீட்டுச் செலவுக்குப் பணம் வேண்டும் என்கிறவர்கள் கடனில் டாக்ஸி எடுக்கக் கூடாது.

பிறகு எதற்கு வைத்திருக்கிறேன்? எட்டியோஸ் கற்றுக்கொடுத்தது அது. ஐந்து வருடத்துக்குப் பிறகு வண்டியின் விலை விழும் வேகம் குறைந்துவிடுகிறது. ரிப்பேர் கூடுகிறது, வாடகையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்படியும் எட்டியோஸில் ஆறாவது வருடத்திலிருந்து வந்த பணத்தில் பாதிக்கு மேல் உண்மையான வருமானம். அஞ்சலகத் திட்டத்தைத் தாண்டியது அப்போதுதான். வருமான வரிக் கணக்கிலும், வாடகைக்கு ஓடும் காருக்கு 30 சதவீதத் தேய்மானம் காட்டலாம். மற்றக் கார்களுக்கு 15 தான். லாரிக்காரர்களுக்கு உள்ள ‘வண்டிக்கு இவ்வளவு’ என்ற எளிய வரி முறை பயணிகள் டாக்ஸிக்குப் பொருந்தாது. இதைத் தெரியாமல் படிவம் நிரப்பித் தருகிறவர்கள் உண்டு, கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு எல்லாமே ஒரு மனிதரின் மேல் நிற்கிறது. எங்கள் டிரைவர் முன்பு லாரி ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவார். கிலோமீட்டரை நோட்டில் எழுதிவிட்டு, இருவரும் சக்கரத்தைப் பார்ப்போம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பச் சொல்லி, முன் டயரின் உள் விளிம்பில் விரலை வைத்துத் தடவிப் பார்ப்பேன். வெளியே நன்றாக இருக்கும் டயர் உள்ளே மொழுமொழுவென்று தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் போய்விட்டது என்று அர்த்தம். அதை அன்றே கண்டுபிடித்தால் சில நூறு ரூபாய். விட்டால் இரண்டு டயர். இதைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

கேரள அரசு 2022 மேயில் வைத்த கட்டணம், இந்த அளவு டாக்ஸிக்கு முதல் ஐந்து கிலோமீட்டருக்கு 200 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 18. திரும்பி வரும்போது காலியாக வரும் தூரத்தையும் சி.என்.ஜி.யையும் கழித்தால் டிரைவருக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே எழுதிப் பாருங்கள். வாடகையைத் தீர்மானிக்கும் முன் நான் அதைத்தான் எழுதிப் பார்த்தேன். பக்கத்து ஊரில் ஆயிரத்து நூறு வாங்குகிறார்கள். அங்கே வருடத்துக்கு இரண்டு டிரைவர் மாறுகிறார்கள், ஒவ்வொரு மாற்றத்திலும் வண்டி ஒரு அடி வாங்குகிறது. மழைக்காலத்தில் சவாரி இல்லாத வாரம் வாடகையைத் தள்ளிக் கட்டச் சொல்கிறேன். சபரிமலை சீசனில் கேட்காமலே நிலுவையைத் தீர்த்துவிடுவார்.

கோவையில் ஒரு நிறுவனம், ‘காரை நீங்கள் வாங்குங்கள், நாங்கள் ஓட்டி மாதம் உறுதியான தொகை தருகிறோம்’ என்று எங்கள் பக்கம் கூட்டம் போட்டது. என் வாடிக்கையாளர் ஒருவர் அந்த ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஆர்.சி. எனும் பதிவுச் சான்று அவர் பெயரில், வங்கிக் கடன் அவர் பெயரில், விபத்து நடந்தால் பொறுப்பும் அவர் பெயரில். நிறுவனத்தின் பக்கம் இருந்தது ஒரு வாக்குறுதி மட்டும். சொன்ன மாதத் தொகையோ, மேலே நான் எழுதிய 23,400-ஐவிடக் கூடுதல். ஒரு டூர் எஸ் ஈட்ட முடியாத பணத்தை அவர்கள் எங்கிருந்து தருவார்கள்? அடுத்து சேர்கிறவரின் பணத்திலிருந்துதான் தர முடியும். நொய்டாவில் ‘பைக் பாட்’ என்ற திட்டம் இப்படித்தான் நடந்தது: 62,100 ரூபாய் கட்டினால் மாதம் 9,765 வீதம் ஒரு வருடம் தருவதாகச் சொன்னார்கள். கூட்டிப் பார்த்தால் 1,17,180. ஒரு பைக் டாக்ஸி ஒரு வருடத்தில் தன் விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கை, வண்டியைப் பார்க்காத ஒருவருக்குச் சம்பாதித்துக் கொடுக்குமா என்று கேட்டிருந்தால் போதும். எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அதில் போனது. எங்கள் வாடிக்கையாளர் கையெழுத்துப் போடவில்லை. அவரை நினைத்தால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

2028-இல் டூர் எஸ்ஸின் கடன் முடிகிறது. ஆறாவது வருடத்திலிருந்து வரும் நல்ல வருமானம் அவருக்குப் போகும் என்று தெரிந்தேதான், அப்போது வண்டியை டிரைவரே எடுத்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம். மூன்று லட்சம், அவர் வாடகை கட்டுவதைப் போலவே மாதத் தவணையில். நான் அடுத்த வண்டிக்குப் போவேன். இப்படி முடிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வங்கியிலிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்.சி.யில் கடன் குறிப்பை நீக்கி, பெயர் மாற்றத்தை முடித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். தவணை முடியட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தவணைக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் டிரைவர் பெயரிலேயே வங்கியில் பழைய வண்டிக் கடன் எடுக்க உதவுங்கள். உங்கள் பணம் ஒரே நாளில் வந்துவிடும், வண்டியும் முறையாக அவருடையதாகிவிடும். பர்மிட்டும் இன்சூரன்ஸும் அன்றே அவர் பெயருக்கு மாற வேண்டும். நல நிதி ரசீதுகளையும் சிலிண்டர் சோதனைச் சான்றையும் ஒரு கோப்பில் போட்டு ஆர்.சி.யோடு சேர்த்துக் கொடுங்கள், அடுத்த எஃப்.சி.க்கு அவர் அவற்றைத் தேடி அலையக் கூடாது.